கோவில்பட்டித் தீப்பெட்டியும் உலக அரசமைப்பும்

கோவில்பட்டி வட்டாரத்தில் உருவாகும் ஒரு தீப்பெட்டிக்கு எத்தனை எஜமானர்கள் என்று கணக்கெடுக்கத் தொடங்கினால், அது சென்னையோடும் டெல்லியோடும் முடிவதில்லை. குச்சி நுனி மருந்தில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருக்கக் கூடாது என்பது 1906-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தீர்மானமான விஷயம். அந்தத் தீப்பெட்டியின் பிழைப்பில் கைவைக்கும் மலிவு லைட்டரை நம் அரசு துறைமுகத்திலேயே தடுக்கலாமா என்பதற்கான விதி ஜெனீவாவில் இருக்கிறது. அதே ஊரின் கடலைமிட்டாய்க்கு 2020-ல் கிடைத்த புவிசார் குறியீட்டின் வேர், 1994-ல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருக்கிறது. தென்கிழக்கே ஓட்டப்பிடாரம் வட்டத்துப் புதியம்புத்தூரில் தையல் மெஷின்கள்தான் ஊரின் பிழைப்பு. அங்கே தைக்கும் ரெடிமேடு உடுப்புகள் போய்ச் சேரும் அதே உள்நாட்டுச் சந்தைக்கு வங்கதேச உடுப்புகள் சுங்க வரி இல்லாமல் வரலாம் என்பது 2011-ல் டாக்காவில் அறிவிக்கப்பட்டது. இந்த நான்கில் ஒன்றைப் பற்றியும் கரிசல் காட்டு வாக்காளரிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை.

நாடுகளுக்கு மேலே நின்று நாடுகளைக் கட்டுப்படுத்தும் இத்தகைய விதிகளைச் சர்வதேசச் சட்டம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். சட்ட அறிஞர்களில் ஒரு சாரார் அதற்கு இன்னும் பெரிய பெயர் சூட்டுகிறார்கள்: உலகின் அரசமைப்பு. அவர்கள் காட்டும் ஆதாரங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. ஐ.நா. சாசனத்தின் 103-வது பிரிவு, வேறெந்த ஒப்பந்தத்தோடு மோதினாலும் சாசனக் கடமையே மேலோங்கும் என்கிறது. நம் அரசமைப்பு மற்றச் சட்டங்களுக்கு மேலே நிற்பதைப் போன்ற ஏற்பாடுதான் இது. 1969-ன் வியன்னா உடன்படிக்கை, இனப்படுகொலை, அடிமைமுறை போன்றவற்றுக்கு எதிரான சில அடிப்படை நெறிகளை எந்த இரு நாடுகளும் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுத் தாண்டிவிட முடியாது என்று ஏற்பாடு செய்தது. 1995-ல் பிறந்த உலக வர்த்தக அமைப்புக்கு விசாரணைக் குழுவும் அதற்கு மேல் ஒரு மேல்முறையீட்டு மன்றமும் அமைந்தபோது, ஏர்ன்ஸ்ட்-உல்ரிஷ் பீட்டர்ஸ்மன் போன்றவர்கள் வணிகச் சுதந்திரத்துக்கே ஓர் உலக அரசமைப்பு கிடைத்துவிட்டதாக எழுதினார்கள். 2008-ல் ஐரோப்பிய நீதிமன்றம் காதி என்ற சவுதி நாட்டவரின் வழக்கில், ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் பயங்கரவாதத் தடைப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக ஒருவரின் வாதத்தைக் கேட்காமலே அவர் சொத்தை முடக்க முடியாது என்று சொல்லி, அந்தப் பட்டியலை அமலாக்கிய ஐரோப்பியச் சட்டத்தை அவர் அளவில் ரத்து செய்தது. உயர்ந்த அதிகாரத்தையும் அடிப்படை உரிமை என்ற அளவுகோலால் அளக்கும் இந்தப் பழக்கம் அரசமைப்புச் சிந்தனைக்கே உரியது.

ஆனால் அரசமைப்பு என்பதற்கு இரண்டு வேலைகள் உண்டு. ஆள்பவரின் கையைக் கட்டுவது ஒன்று. கட்டும் கயிறு ஆளப்படுபவரின் சம்மதத்தால் திரிக்கப்பட்டதாக இருப்பது மற்றொன்று. உலகச் சட்டம் முதல் வேலையைத் துறைக்குத் துறை ஏற்ற இறக்கத்தோடு செய்கிறது. இரண்டாவதைச் செய்யவே இல்லை. அந்தக் குறையை நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ தீர்க்க முடியாது என்பதும், அதற்கான கதவு நம் சொந்த அரசமைப்பில் திறக்கப்படாமல் கிடக்கிறது என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதல் வேலையின் நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சி மருந்தில் கலந்த வெள்ளைப் பாஸ்பரஸின் ஆவி தொழிலாளர்களின் தாடை எலும்பை அரித்தது. பல நாடுகள் தனியாக அதைத் தடை செய்யத் தயங்கின. தடை செய்தால் உற்பத்திச் செலவு ஏறும், தடை செய்யாத அண்டை நாட்டான் சந்தையைப் பிடித்துக்கொள்வான் என்ற பயம். எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால்தான் யாருக்கும் நட்டமில்லை. அதைத்தான் 1906 செப்டம்பரில் பெர்ன் உடன்படிக்கை செய்தது. பிரிட்டன் முதலில் விலகி நின்று இரண்டு ஆண்டு கழித்து வழிக்கு வந்தது. இந்தியாவில் 1913-ல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டித் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பியது அதற்குச் சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு. ஆகவே தென்மாவட்டத்தில் பெட்டி ஒட்டவும் குச்சி அடுக்கவும் உட்கார்ந்த முதல் தலைமுறைக்கு முன்பாகவே அந்த நஞ்சு வெளியேற்றப்பட்டிருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தை இயற்றிய வைஸ்ராயின் சபை, இந்தியர்களின் சம்மதத்தைப் பெற்ற சபை அல்ல. பெர்னில் கையெழுத்தான அதே 1906-ல்தான் ஓட்டப்பிடாரத்துக்காரரான வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கடல் வணிகத்தின் விதியை வேறொருவர் எழுத, அதன்கீழ் நாம் பிழைக்க வேண்டுமா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. நல்ல விதியும் நம்மைக் கேட்காமல் எழுதப்படலாம் என்பதைப் பெர்ன் காட்டுகிறது. கேட்காமல் எழுதப்படும் விதிகள் எல்லாம் நல்லவையாகவே இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

லைட்டர் விவகாரத்தில் அந்த வேறுபாடு நன்றாகத் தெரிகிறது. ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பின் காட் எனும் வணிக ஒப்பந்தத்தின் 11-வது பிரிவு, ஒரு பொருளின் இறக்குமதிக்கு வரி போடலாம், ஆனால் பொதுவாக அளவுக் கட்டுப்பாடோ தடையோ விதிக்கக் கூடாது என்கிறது. அந்நியச் செலாவணி நெருக்கடியைக் காரணம் காட்டி இந்தியா பல ஆண்டுகள் 2,700-க்கும் மேற்பட்ட இனங்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தது. 1997-ல் அமெரிக்கா வழக்குத் தொடுத்தது. 1999-ல் மேல்முறையீட்டு மன்றம் வரை போய் இந்தியா தோற்றது. 2001 ஏப்ரல் 1-ல் கடைசிக் கட்டுப்பாடுகளும் விலகின. தோல்வியைவிட இந்தியா முன்வைத்த வாதம் கவனிக்கத் தக்கது. ஒரு நாட்டின் செலாவணி நிலைமையை எடைபோடும் பொறுப்பு, உறுப்பு நாடுகள் உட்காரும் குழுவுக்கும் பொதுச் சபைக்கும் உரியது, வழக்கு விசாரிக்கும் குழுவுக்கு அதில் வேலையில்லை என்றது இந்தியா. நாடாளுமன்றம் செய்ய வேண்டியதை நீதிமன்றம் செய்யக் கூடாது என்று நாம் உள்ளூரில் வாதிடுகிறோமே, அதே அதிகாரப் பகிர்வு வாதம்தான். உலக வர்த்தக அமைப்பை ஓர் அரசமைப்பாக எண்ணி, அதன் உறுப்புகளுக்கு இடையே சமநிலை வேண்டும் என்று கேட்டது நம் தரப்புதான். மன்றம் அதை ஏற்கவில்லை. கட்டுப்படுத்தும் வேலையில் உலக விதி எவ்வளவு வலிமையானது என்பதும், அந்த வலிமையை எங்கே வைப்பது என்பதில் ஏழை நாட்டின் குரல் எவ்வளவு மெலிந்தது என்பதும் அந்த ஒரே வழக்கில் பதிவாகியிருக்கின்றன.

இருபது ஆண்டு கழித்து மலிவு லைட்டர் வந்து தீப்பெட்டிச் சந்தையை அரித்தபோது, மாநில அரசால் செய்ய முடிந்ததெல்லாம் கடிதம் எழுதுவதுதான். 2022-ல் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய நிதியமைச்சருக்கு எழுதினார். 2023 ஜூன் இறுதியில் 20 ரூபாய்க்குக் குறைவான விலையில் வரும் லைட்டரின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. தொழிலுக்கு அது மூச்சு விட இடம் தந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தடை ஓர் அறிவிக்கையில் வந்தது. இன்னோர் அறிவிக்கையில் போய்விடலாம். ஜெனீவாவில் யாராவது வழக்குத் தொடுத்தால், பிளாஸ்டிக் மாசு போன்ற விதிவிலக்குகளைக் காட்டி வாதாட வேண்டியிருக்கும். அப்படியொரு வழக்கு இன்று யாரையும் அச்சுறுத்தவில்லை என்றால், அதற்கு ஒரு காரணம் 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு மன்றம் முடங்கிக் கிடப்பது. புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்தது. கீழ் மன்றத்தில் தோற்றவர் மேல்முறையீடு என்று மனுப் போட்டுவிட்டால், கேட்க ஆளில்லாத மன்றத்தில் அந்த வழக்கு அப்படியே தொங்கும். நடுவர் இல்லாததால் நமக்குக் கிடைக்கும் சலுகை மற்றவர்க்கும் கிடைக்கும். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் பனியனுக்கும் தூத்துக்குடி இறாலுக்கும் அது புரிந்தது.

கடலைமிட்டாய்க் கதையில் வேறொரு பாடம் இருக்கிறது. புவிசார் குறியீட்டை நாம் பெருமையாகப் பேசுகிறோம், பேசலாம்தான். ஆனால் அதற்கு அடிப்படையான, மராகேஷில் பிறந்த டிரிப்ஸ் எனும் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்தால், 22-வது பிரிவு எல்லாப் பொருளுக்கும் ஓரளவு பாதுகாப்பைத் தருகிறது. 23-வது பிரிவு ஒயினுக்கும் மதுவகைக்கும் மட்டும் கூடுதல் கவசம் போடுகிறது. வேறெங்கோ செய்த ஒயினைப் பிரெஞ்சு ஊரின் பெயரோடு ‘வகை’, ‘பாணி’ என்று சேர்த்துச் சொல்லிக்கூட விற்க முடியாது. வெளிநாட்டில் ஒருவர் ‘கோவில்பட்டி பாணி மிட்டாய்’ என்று அட்டை ஒட்டினால், வாங்குபவர் ஏமாந்தார் அல்லது அது நேர்மையற்ற போட்டி என்று நிரூபிக்கும் சுமை நம் தலையில். கூடுதல் பாதுகாப்பை மற்றப் பொருள்களுக்கும் விரிக்கச் சொல்லி இந்தியா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறது. விதி எழுதப்பட்ட மேசையில் யாருடைய பண்டம் இருந்தது என்பதை அந்த இரண்டு பிரிவுகளே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

அந்த மேசையில் நமக்காக உட்கார்ந்தவர் யாருடைய அனுமதியோடு உட்கார்ந்தார்? 1994 ஏப்ரலில் மராகேஷில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் அன்றைய வர்த்தக அமைச்சர் பிரணாப் முகர்ஜி. நாடாளுமன்றத்தில் விவாதங்கள் நடந்தன, வெளியே போராட்டங்கள் நடந்தன. ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. வெளிநாட்டு ஒப்பந்தங்கள் ஒன்றியப் பட்டியலில் வருகின்றன. 73-வது பிரிவின்படி, நாடாளுமன்றம் சட்டமியற்றக்கூடிய விஷயங்களில் ஒன்றிய நிர்வாகமும் செயல்படலாம். ஆகவே அமைச்சரவை முடிவெடுத்தால் போதும். மராகேஷுக்கு எதிராகப் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு இந்த அடிப்படையில்தான் தள்ளுபடியானது. அடுத்தது 253-வது பிரிவு: ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கு என்றால், மாநிலப் பட்டியலில் உள்ள விஷயத்திலும் நாடாளுமன்றம் சட்டம் போடலாம். அதற்கு ஒரு பின்னணி உண்டு. 1937-ல் கனடாவின் ஒன்றிய அரசு சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கைகளை நிறைவேற்றப் போட்ட சட்டங்களை, அவை மாகாணங்களின் அதிகாரம் என்று சொல்லி லண்டன் பிரிவி கவுன்சில் செல்லாததாக்கியது. அந்தச் சங்கடம் இங்கே வரக் கூடாது என்று நம் அரசமைப்பை உருவாக்கியவர்கள் வழி செய்தார்கள். வழி கொஞ்சம் அதிகமாகவே அகன்றுவிட்டது. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருந்தும், பருத்திக்கும் பருப்புக்கும் இறக்குமதி விதி என்ன என்பதில் மாநிலத்துக்கு வாய் கிடையாது. கச்சத்தீவில் தமிழ்நாடு கண்டதும் இதுதான். நிலத்தைப் பிற நாட்டுக்கு விட்டுக்கொடுக்க அரசமைப்புத் திருத்தம் தேவை என்று 1960-ல் பெருபாரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 1974-ல் கச்சத்தீவு இலங்கை வசம் போனது விட்டுக்கொடுத்தல் அல்ல, எல்லை வரையறை என்று ஒன்றிய அரசு விளக்கியது. அதனால் திருத்தமும் தேவைப்படவில்லை.

இவ்வளவையும் சொல்லும்போது ஒரு கேள்வி வரும்: நாடாளுமன்றத்தைக் கேட்டிருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும்? இதற்கு ஊகம் தேவையில்லை, பதில் நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. டிரிப்ஸ் ஒப்பந்தப்படி மருந்துகளுக்குப் பொருள் காப்புரிமை தந்தாக வேண்டிய கெடு 2005-ல் முடிந்தது. அதற்கான திருத்தச் சட்டம் நாடாளுமன்றத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. அன்றைய கூட்டணி அரசை இடதுசாரிகள் வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நெருக்கடியில் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு இன்றைய வடிவம் பெற்றது: பழைய மருந்தின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் திறனைக் கணிசமாகக் கூட்டினால் அன்றி, புதிய கண்டுபிடிப்பாகாது. நோவார்ட்டிஸ் கம்பெனி அந்தப் பிரிவு டிரிப்ஸுக்கு முரண் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. டிரிப்ஸுக்கு ஒத்துப்போகிறதா என்று சோதிப்பது தன் வேலையல்ல, அதற்கு உலக வர்த்தக அமைப்பின் மேடை இருக்கிறது என்று 2007 ஆகஸ்டில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனியின் தாய்நாடான சுவிட்சர்லாந்து அந்த மேடைக்குப் போகவில்லை. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்குக் காப்புரிமை இல்லை என்றது. உலக விதியின் வரம்புக்குள்ளேயே, ஏழை நோயாளிக்கு இடம் வைத்துத் தைக்க முடிந்தது. நாடாளுமன்றத்தில் பேரம் பேச ஆள் இருந்ததால்தான் அது நடந்தது. வங்கதேசத்தோடு 2011-ல் 46 துணி இனங்களுக்கு வரி நீங்கியபோது அப்படிப் பேச எந்த மேடையும் இல்லை. ஏழை அண்டை நாட்டுக்குச் செய்த அந்த உதவி நியாயமானதாகவே இருக்கலாம். இதே தொழிலில் இருக்கும் சிறு ஊர்களுக்கு மாற்று ஏற்பாடு என்ன என்று கேட்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்க வேண்டும். 2025 மே மாதம் அந்த உடுப்புகள் தரைவழியாக வரக் கூடாது என்று தடுத்ததும் இன்னோர் அறிவிக்கைதான்.

வல்லான் வகுத்ததே வாய்க்கால், இதில் அரசமைப்பு எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. பாதுகாப்பு மன்றத்தில் ஐந்து நாடுகளின் வீட்டோவைப் பார்க்கும்போது அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் விதியே இல்லாத உலகம் வல்லானுக்குத்தான் வசதி. அமெரிக்கப் பருத்தி மானியத்தை எதிர்த்துப் பிரேசில் 2005-ல் ஜெயித்தது விதி இருந்ததால். மானியம் முழுதாக ஒழியவில்லை. ஆயினும் அமெரிக்கா பிரேசிலுக்குப் பணம் கொடுத்துச் சமாதானம் பேச வேண்டியதாயிற்று. கரிசல் பருத்தி விவசாயிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல, அந்த மானியம் அழுத்திய உலக விலைதான் நம் ஜின்னிங் ஆலை வாசலுக்கும் வந்து சேர்கிறது. அப்படியானால் ஓர் உலக நாடாளுமன்றம் அமைப்பதுதானே தீர்வு என்று இன்னொரு பக்கத்தார் கேட்பார்கள். எண்ணூறு கோடிப் பேருக்கு ஒரே சபை என்றால், கோவில்பட்டியின் குரல் இன்று டெல்லியில் கேட்கும் அளவுக்குக்கூட அங்கே கேட்காது. சம்மதத்தை மக்கள் இருக்கும் இடத்தில்தான் பெற வேண்டும்.

கனமான ஆட்சேபம் வேறொன்று. பேச்சுவார்த்தை ரகசியமும் வேகமும் கேட்கும் காரியம்; நாடாளுமன்றம் நுழைந்தால் எந்த ஒப்பந்தமும் கரைசேராது, நம் பேச்சை எந்த நாடும் நம்பாது என்கிறார்கள். இதற்குச் சான்றாக 1994 டிசம்பர் 31-ல் பிறந்த காப்புரிமை அவசரச் சட்டத்தைக் காட்டலாம். அதை நிரந்தரமாக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் தேங்கியது, சட்டம் காலாவதியானது, அமெரிக்கா வழக்குப் போட்டு 1997-ல் ஜெயித்தது. ஆனால் அந்தச் சான்று எதிர்த்திசையில்தான் பேசுகிறது. கையெழுத்துப் போட்டபின் சபையிடம் வந்தால், ஒப்புக்கொள்வது அல்லது குற்றவாளியாவது என்ற இரண்டே வழிதான் மிஞ்சும். முன்பே வந்திருந்தால் பேரத்துக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அமெரிக்கப் பிரதிநிதிகள் எங்கள் காங்கிரஸ் ஏற்காது என்று சொல்லியே எத்தனையோ சலுகைகள் வாங்கியிருக்கிறார்கள். பெல்ஜியத்தில் சுமார் 36 லட்சம் பேர் வாழும் வலோனியா பிராந்தியம் 2016 அக்டோபரில் ஐரோப்பா-கனடா ஒப்பந்தத்தையே சில நாள் நிறுத்தி வைத்து, தன் விவசாயிகளுக்காக உறுதிமொழிகள் வாங்கியது. பிறகு அந்த மாதமே ஒப்பந்தம் கையெழுத்தானது. 1937-ல் மாகாண அதிகாரத்துக்காக அடிபட்ட கனடா, அதே பேச்சுவார்த்தையில் தன் மாகாணங்களையும் உடன் உட்கார வைத்திருந்தது. எல்லைத் தகராறு, ஆயுத உடன்பாடு போன்றவற்றை ரகசியமாக வைக்கலாம். வரியும் மருந்தும் விதையும் அந்த வகை அல்ல.

நீதியரசர் வெங்கடாசலையா தலைமையிலான அரசமைப்புச் சீராய்வு ஆணையம், ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தை நாடாளுமன்றச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தச் சொல்லி 2002-லேயே பரிந்துரைத்துவிட்டது. ஒன்றியப் பட்டியலில் அதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. அரசமைப்பைத் திருத்தக்கூடத் தேவையில்லை, சாதாரணச் சட்டம் போதும். எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தச் சட்டம் வரவில்லை. கேட்காமல் கையெழுத்துப் போடும் இந்தப் பழக்கம் பிரிட்டிஷ் மன்னரின் தனியுரிமையிலிருந்து நமக்கு வந்தது. பிரிட்டனோ 2010-ல் சட்டம் போட்டு, உறுதி செய்யப்பட வேண்டிய ஒப்பந்தங்கள் பொதுவாக 21 அமர்வு நாள்கள் நாடாளுமன்றத்தின் முன் இருக்க வேண்டும், மக்களவை மறுத்தால் தள்ளிப்போகும் என்று ஆக்கிக்கொண்டது. 2025 ஜூலை 24-ல் இந்தியாவும் பிரிட்டனும் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. லண்டனில் அது அந்த 21 நாள் விதிக்கு உட்பட்டது. டெல்லியில் அமைச்சரவையின் ஒப்புதல் போதும். வரிக் குறைப்பைச் சுங்கச் சட்டத்தின் கீழ் ஓர் அறிவிக்கை போட்டே அமலுக்குக் கொண்டுவந்துவிடலாம்.